பொழுது சாய்ந்தபின் எடுத்த குழாய்

அக்கா,

நேற்றுக் காலை என் குழாயை எடுத்துவிட்டார்கள். மூத்திரக் குழாயைத்தான் சொல்கிறேன். நர்ஸ் பெண் அதை ஒரு தட்டில் சுருட்டிப் போட்டுக் கட்டிலோரம் வைத்துவிட்டுக் கை கழுவப் போனாள். எட்டிப் பார்த்தேன். மஞ்சளாக, வழவழவென்று, ஒரு வாசனையும் இல்லாத குழாய். ஆனால் பெரம்பலூர் ஆஸ்பத்திரியின் ஏ.சி. அறைக்குள் எனக்குச் சிவப்பு ரப்பர் வேகிற நாற்றம் அடித்தது. அது உன் குழாய். அரியலூர் ஆஸ்பத்திரியில் அதை ஒரு பாத்திரத்தில் போட்டு ஸ்டவ்வில் கொதிக்க வைப்பார்கள். வெயிலில் கிடந்த சைக்கிள் ட்யூபில் வெந்நீர் ஊற்றியது போல ஒரு நாற்றம் வரும். நீ போய் இத்தனை காலமாகியும் அது என் மூக்கை விட்டுப் போகவில்லை.

இதை எழுதப்போகிறேன் என்றதும் என் பேத்தி, "ஆத்தா, இதையெல்லாமா எழுதுவாங்க?" என்று முகத்தைச் சுளித்தாள். நான் எழுதுவேன். நம் பக்கத்தில் ராஜா கட்டின கோயிலைப் பற்றி எழுதாதவன் இல்லை, அவன் வெட்டின ஏரியைப் பற்றிப் பேசாதவன் இல்லை. அந்தக் கோயிலுக்குப் பக்கத்து முந்திரிக்காட்டில் வாழ்ந்த ஒருத்தி ஒண்ணுக்குப் போவதற்குப் பட்ட பாட்டை எழுதினால் மட்டும் எழுத்து தீட்டுப்பட்டுவிடுமா? சுளிக்கிற முகம் சுளித்துக்கொள்ளட்டும்.

எனக்குக் குடலில் ஏதோ கட்டி வளர்ந்திருந்ததாம். அந்தத் துண்டை வெட்டி எடுத்து மிச்சத்தைச் சேர்த்துத் தைத்துவிட்டார்கள். மறுநாள் காலையிலேயே ஒரு சின்ன டாக்டரம்மா வந்து நின்றாள். "பாட்டி, இன்னைக்கு எழுந்து நடக்கணும். யூரின் குழாயையும் இன்னைக்கே எடுத்துரலாம்" என்றாள். என் மருமகளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இருக்கட்டும் டாக்டர். அத்தைக்கு வயசாயிடுச்சு. பாத்ரூமுக்குப் போறேன்னு எந்திரிச்சு விழுந்து வச்சா என்ன பண்றது? தையல் பிரிக்கிற வரைக்கும் அது பாட்டுக்கு இருக்கட்டுமே" என்றாள். நல்லவள்தான், என் மேலுள்ள அக்கறையில் சொல்கிறாள். ஆனால் 'தையல் பிரிக்கிற வரைக்கும்' என்றாளே, அதைக் கேட்டதும் எனக்கு எங்கிருந்து வந்ததோ அப்படி ஒரு கோபம்.

"எடும்மா அத. இப்பவே எடு" என்றேன் டாக்டரிடம்.

அவள் சிரித்துவிட்டு, "எடுத்துடறேன். ஆனா சாயங்காலத்துக்குள்ள நீங்களா போயிரணும் பாட்டி. போகலேன்னா பாத்துட்டு மறுபடியும் போட வேண்டியிருக்கும்" என்றாள். குழாய் வெளியே வந்தது. அந்த 'மறுபடியும்' மட்டும் எனக்குள் உட்கார்ந்துகொண்டது. அந்தச் சொல் என்ன செய்யும் என்று உன் கட்டிலோரம் நின்று பார்த்தவள் நான்.

உலகச் சண்டைக் காலம் அது. மண்ணெண்ணெய்க்கு ரேஷன், பஸ்ஸெல்லாம் அடுப்புக்கரியில் ஓடின. அந்த நாளில் உனக்கும் எனக்கும் ஆகாது. மறைத்து என்ன ஆகப்போகிறது? நீ மூத்த மருமகள், நான் சின்ன மருமகள். பத்தாயம், முந்திரிக்கொட்டை போட்டிருந்த அறை, எண்ணெய் அலமாரி எல்லாவற்றின் சாவியும் ஒரே வளையத்தில் உன் இடுப்பில் தொங்கும். தலைக்குத் தேய்க்க ஒரு கை எண்ணெய் வேண்டுமென்றால் நான் உன் முன்னால் வந்து நிற்க வேண்டும். "சின்னவளுக்கு ஓட்டக் கை" என்று என் காதுபடவே பக்கத்து வீட்டில் சொல்வாய். நானும் சளைத்தவள் இல்லை. நீ வருகிற சாவிச் சத்தம் கேட்டால், வேண்டுமென்றே அம்மியைப் போட்டு உருட்டுவேன்.

ஒரு நாள் களத்தில் முந்திரிக்கொட்டை காயப்போட்டுக்கொண்டிருந்தவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். கஷாயம் கொடுத்தார்கள், விளக்கெண்ணெய் தடவினார்கள். குடித்ததெல்லாம் திரும்பி வந்தது. வயிறு பானையாக ஏறிக்கொண்டே போயிற்று. மறுநாள் விடிந்ததும் வண்டி கட்டி ஜெயங்கொண்டம் போய், அங்கிருந்து கரி பஸ்ஸில் அரியலூர் போனோம். உனக்குப் பிறந்த வீட்டில் பெண் துணை கிடையாது. நம் மாமியார், அத்தைக்கு, முழங்கால் வலி. "சின்னவ கூடப் போகட்டும்" என்று அத்தை சொல்லிவிட்டாள். உன் வீட்டுக்காரர் முன் ஸீட்டில் உட்கார்ந்து வந்தார், நீ என் மடியில் கிடந்தாய். ஒரு மேட்டில் பஸ் ஏற மாட்டேனென்று நின்றபோது எல்லோரும் இறங்கித் தள்ளினார்கள். நாம் இரண்டு பேர் மட்டும் உள்ளே இருந்தோம். அவ்வளவு வலியிலும் நீ என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாய்.

ரயிலடிக்குப் போகிற வழியில் ஒரு டாக்டர் சொந்தமாக வைத்திருந்த சின்ன ஆஸ்பத்திரி. அவர் பேர் இப்போது வேண்டாம். மெட்ராஸில் வேலை பார்த்துவிட்டு வந்தவர், ஒல்லியாக, எப்போதும் அவசரமாக இருப்பார். குடல் முறுக்கிக்கொண்டு ஒரு துண்டு கறுத்துப்போயிருந்தது, வெட்டி எடுத்துத் தைத்தேன் என்றார். அவர் இல்லாவிட்டால் நீ அந்த வாரமே போயிருப்பாய். அதனால் இனி நான் சொல்லப்போவதை வைத்து அவரை யாரும் கொடியவர் என்று நினைக்க வேண்டாம்.

மயக்கம் தெளிந்து நீ கேட்ட முதல் கேள்வி, "சாவி எங்கடி?" என்பது. தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன் என்று தொட்டுக் காட்டினேன். அதற்குப் பிறகுதான் கண்ணை மூடினாய்.

சிவப்புக் குழாயை அப்போதே போட்டிருந்தார்கள். நாடாவால் தொடையோடு கட்டி, பிளாஸ்திரி ஒட்டி, மறுமுனையைக் கட்டிலுக்கு அடியில் ஒரு பாட்டிலில் விட்டிருந்தார்கள். தையல் பிரிக்கிற வரைக்கும் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்பது டாக்டரின் சட்டம். இறங்க முடியாதவளுக்குக் குழாய் இருந்தால்தானே சுலபம்? அது நியாயமாகத்தான் பட்டது, உனக்குக் குளிர் காய்ச்சல் வருகிற வரைக்கும். பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது. இரண்டு கம்பளியைப் போர்த்தி மேலே நானும் படுத்து அழுத்திக்கொண்டேன். பாட்டிலில் இறங்கியது கழனித்தண்ணீர் நிறத்தில் இருந்தது. டாக்டர் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "குழாய்தான் காரணம். எடுத்துப் பாப்போம்" என்றார்.

எடுத்தார்கள், காலையில். அவர் ரவுண்ட்ஸ் வருவது காலையில்தான், யாருக்குக் குழாய் எடுத்தாலும் அப்போதுதான் எடுப்பார். காலையில் எடுத்தால் பகல் முழுக்க நர்சம்மா பார்த்துக்கொள்வாள், அடைத்துக்கொண்டால் கூப்பிட்ட குரலுக்கு அவரும் பக்கத்தில் இருப்பார். அதுவும் நியாயம்தான். ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டை உன் இடுப்புக்கு அடியில் தள்ளி, "போம்மா" என்றாள் நர்சம்மா.

எங்கே போவது? இரண்டு பக்கமும் வரிசையாகக் கட்டில். ஜன்னலுக்கு வெளியே பட்டப்பகல் வெளிச்சம். யார் யார் வீட்டு ஆம்பளைகளோ தூக்குச்சட்டியோடு வருவதும் போவதுமாக இருந்தார்கள். முதுகுக்குக் கீழே சில்லென்று பீங்கான். நீ மோட்டுவளையைப் பார்த்தபடி மல்லாந்து கிடந்தாய். ஒரு சொட்டு வரவில்லை. உச்சி வெயில் ஏற ஏற அடிவயிறு உருண்டு திரண்டது. டாக்டர் வந்து தட்டிப் பார்த்துவிட்டு, "மறுபடியும் போடுங்க" என்றார். போடும்போது என் மணிக்கட்டைக் கடித்தாய். பல் பட்ட இடம் பல நாள் ஊதாவாக இருந்தது.

அடுத்த முறையும் காலைதான், அதே தட்டுதான், அதே 'மறுபடியும்'தான். ஒவ்வொரு தடவை போட்ட பிறகும் குளிர் முன்னைவிட மோசமாக வந்தது. "மூத்திரப் பை செத்துப்போச்சோ என்னவோ" என்று டாக்டர் நர்சம்மாவிடம் மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது.

பை சாகவில்லை. எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். அந்த வார்டில் படுத்திருந்த பெண்கள் அத்தனை பேருக்கும் தெரியும். விடியுமுன் ஒரு தடவை, பொழுது சாய்ந்து ஒரு தடவை, மற்ற நேரத்தில் மூச்சுக் காட்டக் கூடாது என்றுதானே நம்மை வளர்த்தார்கள்? வெளிச்சத்தில் எந்தப் பெண்ணாவது முந்திரிக்காட்டுப் பக்கம் ஒதுங்கினால் அவள் வளர்ப்பையே பேசுவார்கள். அதற்குப் பயந்து பகலில் தண்ணீர் குடிக்காமல் இருந்தோம், களை பறித்துக்கொண்டே அடக்கினோம், பிள்ளையைச் சுமந்துகொண்டு அடக்கினோம். அப்படி அடக்கி அடக்கிப் பழகிய உடம்பைப் பட்டப்பகலில் மல்லாக்கப் போட்டு, 'போ' என்றால் அது எப்படிப் போகும்? இதை ஒருத்தராவது டாக்டரிடம் சொல்லியிருக்கலாம். "யூரின் போச்சாம்மா?" என்று அவர் கேட்கும்போதெல்லாம் நீ கண்ணை இறுக மூடிக்கொள்வாய், நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தரையைப் பார்ப்பேன். நாம் வாய் திறக்கவில்லை. அவர் அதை வியாதி என்று எடுத்துக்கொண்டார்.

அப்புறம் அத்தை வந்தாள். முழங்கால் வலியோடு பஸ்ஸேறி வந்தவள், கட்டிலுக்கு அடியில் இருந்த பாட்டிலைப் பார்த்ததும் புடவையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் ரவுண்ட்ஸ் வருகிற வரைக்கும் உன்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் வந்ததும் நேராகக் கேட்டாள்.

"இந்தக் கொழா எப்பங்க எடுப்பீங்க?"

"எடுத்துப் பாத்தோம்மா. தானா போகல. இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும். அப்பவும் வரலேன்னா குழாயோடதான் வூட்டுக்குப் போகணும். கழுவி மாத்தக் கத்துக் குடுப்பாங்க."

"கொழாயோட எப்படிங்க அடுப்படிக்கு வருவா? சாமிக்கு வெளக்கு எப்படி ஏத்துவா?" அத்தை தனக்குத்தானே பேசிக்கொள்வது போலச் சொன்னாள். "பெரியவனுக்கு வேற ஏற்பாடுதான் பாக்கணும் போலருக்கு." பிறகு உன் பக்கம் திரும்பிக் கையை நீட்டினாள். "சாவியக் குடு. நீ எந்திரிக்கிற வரைக்கும் சின்னவகிட்ட இருக்கட்டும்."

அந்தக் காலத்தில் 'வேறு ஏற்பாடு' என்றால் இன்னொரு கல்யாணம். அதைத் தடுக்கச் சட்டம் எதுவும் கிடையாது. உன் வீட்டுக்காரர் வாசல் தூணைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் வாய் திறந்து வேண்டாம் என்று சொல்வார் என நான் காத்திருந்தேன், அக்கா. நீயும்தான் காத்திருந்தாய். அவர் சொல்லவில்லை.

அப்போதுதான் நீ கண்ணைத் திறந்தாய். அத்தையைப் பார்க்கவில்லை, அவரையும் பார்க்கவில்லை. டாக்டரைப் பார்த்தாய்.

"டாக்டரய்யா, நான் பொறந்ததுலேருந்து பகல்ல ஒண்ணுக்குப் போனதில்ல. மல்லாந்து படுத்துக்கிட்டும் போனதில்ல. பொழுது சாஞ்சு, காட்டுல குந்தித்தான் போயிருக்கேன். நீங்க காலையில எடுத்துட்டு மத்தியானம் மாட்டுறீங்க. என் ஒடம்பு எப்படி எறங்கும்? சாயங்காலம் எடுங்க. கொல்லப்பக்கம் போக விடுங்க. வரலேன்னா அப்பறம் என்னக் கேளுங்க."

தூக்குச்சட்டியோடு வந்த ஒருவர் வந்த வழியே திரும்பிப் போனார். அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். "ஆம்பள முன்னாடி என்ன பேச்சுடி இது!"

"ஆம்பளதான என் வவுத்த அறுத்தாரு? அவருகிட்டதான் சொல்லணும்" என்றாய்.

டாக்டர் முகம் சிவந்தது கோபத்திலா வெட்கத்திலா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் பதில் பொறுமையாகத்தான் சொன்னார். "குந்தினா தையல் பிச்சுக்கும்மா. குடல் வெளிய வந்துரும். எனக்குத் தெரிஞ்சே ஒருத்தருக்கு வந்துருக்கு, காப்பாத்த முடியல. கட்டில விட்டு எறங்கக் கூடாது. சாயங்காலமும் கெடையாது, கொல்லப்பக்கமும் கெடையாது." அவர் அடுத்த கட்டிலுக்குப் போனார். அத்தையின் கை நீட்டியபடியே இருந்தது. நீ தலையணையை இன்னும் கொஞ்சம் கீழே அழுத்திக்கொண்டாய். கடைசியில் அத்தை, "நாளைக்கு வந்து வாங்கிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, அரியலூரில் இருந்த உறவுக்காரர் வீட்டுக்குப் போனாள். உன் வீட்டுக்காரரும் பின்னாலேயே போனார்.

அன்று சாயங்காலம் வார்டில் விளக்கு வைத்தார்கள். மண்ணெண்ணெய்த் தட்டுப்பாட்டில் ஒரே ஒரு அரிக்கேன் விளக்கு, அதுவும் வாசல் பக்கத்தில். நர்சம்மா மருந்து கலக்க உள்ளே போயிருந்தாள். நான் உனக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தேன். போர்வைக்குள் உன் கை அசைவதைப் பார்த்தேன். நாடாவின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாய். பிளாஸ்திரி பிரிகிற சத்தம் கேட்டது. நான் என்ன ஏது என்று எழுவதற்குள் சிவப்புக் குழாயை வெளியே இழுத்து என் கையில் கொடுத்து, "இந்தா" என்றாய்.

அந்தக் காலத்துக் குழாயில் அது முடிந்தது. இப்போது உள்ளே ஒரு பலூன் வைக்கிறார்களாம். தண்ணீரை இறக்காமல் இழுத்தால் ரத்தம்தான் வருமாம். இதை யாராவது படித்துவிட்டு வீரம் காட்டப்போகிறார்கள் என்பதற்காகச் சொல்லி வைக்கிறேன்.

நர்சம்மாவைக் கூப்பிட வாயெடுத்தேன். நீ என்னைப் பார்த்துச் சொன்னாய்: "கூப்புடு. கூப்புட்டா மறுபடியும் மாட்டிடுவாங்க. சாவி ஒனக்கு வந்துரும்."

அத்தனை வருடத்தில் நீ என்னை எத்தனையோ பேசியிருக்கிறாய். எதற்கும் எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்ததில்லை. கஞ்சிக் கிண்ணத்தை டங்கென்று வைத்தேன்.

"ஒன் சாவிய நீயே வச்சுக்கிட்டு அழு. எந்திரி."

ஒரு பழைய வேட்டியை நீளமாகக் கிழித்து உன் வயிற்றைச் சுற்றி இறுக்கினேன். நீ எழுந்து உட்கார்ந்ததும் முகம் வெளுத்து வேர்த்துவிட்டது. அந்த நிலையிலும் தலையணைக்கு அடியில் கைவிட்டுச் சாவி வளையத்தை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாயே, அதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. என் தோளில் ஒரு கை, வயிற்றில் ஒரு கை, சாவிச் சத்தத்தோடு ஊர்வலம் கிளம்பினோம். அந்த வரிசையில் ஒரு பெண்கூட நர்சம்மாவைக் கூப்பிடவில்லை. வாசலோரம் படுத்திருந்த ஒருத்தி மட்டும் கையை நீட்டி அரிக்கேன் திரியைச் சற்றே இறக்கிவிட்டாள்.

கொல்லைப்பக்கம் ஒரு பூவரச மரம், சுவரோரம் இரண்டு செங்கல். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அங்குலம் அங்குலமாக இறங்கிக் குந்தினாய். காத்திருந்தோம். ஒன்றும் வரவில்லை. உன் விரல்கள் என் விரல்களை நசுக்கின. "செத்துத்தான் போச்சாடி?" என்றாய். உன் குரலில் முதல் தடவையாகப் பயத்தைக் கேட்டேன். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கைக்குழந்தையைக் காலில் உட்கார வைத்துச் சொல்வோமே, அதுதான் வாயில் வந்தது.

"ஸ்ஸ்ஸ்ஸ்..." என்றேன்.

நீ நிமிர்ந்து பார்த்தாய். "அடிச்சேன்னா! நான் என்ன கைக்கொழந்தையா?"

"ஸ்ஸ்ஸ்ஸ்..."

"சும்மா இரு சின்னவளே, சிரிப்பு வருது. சிரிச்சா தையல் போயிரும்."

நான் நிறுத்தவில்லை. நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, ஐயோ" என்று சிரிக்க, நானும் சிரிக்க, அந்தச் சிரிப்புக்கு நடுவிலேதான் பூவரசம் சருகின் மேல் சடசடவென்று அந்தச் சத்தம் கேட்டது. நின்றது, மறுபடி வந்தது, நின்று மறுபடி வந்தது. நாம் சிரிப்பதை நிறுத்தினோம். நீ என் கையை விடாமல், "வந்துருச்சுடி" என்றாய். அப்புறம் ஓவென்று அழுதாய். நானும் அழுதேன். ஒரு ஓரகத்திக்கு ஒண்ணுக்கு வந்ததற்காக இன்னொரு ஓரகத்தி அழுதது நம் வம்சத்திலேயே அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

மறுநாள் காலை டாக்டரிடம் நர்சம்மா எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தாள். விறுவிறுவென்று வந்து உன் அடிவயிற்றை அழுத்திப் பார்த்தார். இலவம்பஞ்சு போல இருந்தது. கட்டைப் பிரித்தார். கீழ் ஓரத்தில் ஒரு தையல் விட்டு நீர் கசிந்துகொண்டிருந்தது. "பாத்தீங்களா? செத்துப்போயிருப்பீங்கம்மா. என்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுச் செய்யக்கூடாதா?" என்று கத்தினார்.

"சொன்னேனுங்களே. நீங்க கேக்கல" என்றாய்.

அவர் அந்த ஓரத்தைச் சேர்த்துப் பிளாஸ்திரி போட்டார். ஆனால் குழாயைக் கொண்டுவரச் சொல்லவில்லை. அன்று விளக்கு வைத்த பிறகு நர்சம்மாவே ஒரு ஸ்டூலைக் கொல்லைப்பக்கம் கொண்டுபோய்ப் போட்டாள். "குந்தாம இதைப் பிடிச்சுக்கிட்டுப் போங்க" என்றாள். இரண்டொரு நாளில் காய்ச்சல் இறங்கியது. முழங்கால் வலியால் நாள் தள்ளி அத்தை சாவிக்காக மறுபடி வந்தபோது, நீ கட்டிலில் உட்கார்ந்து சீப்பால் தலை வாரிக்கொண்டிருந்தாய். உன் இடுப்பைப் பார்த்துவிட்டு, "வூட்டுல எண்ண தீந்துபோச்சு. எப்ப வரே?" என்று மட்டும் கேட்டாள். வேறு ஏற்பாடு என்ற பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை.

டாக்டர் சொன்னதும் பொய்யில்லை. அந்தக் கீழ்த் தையல் சரியாகக் கூடவே இல்லை. நீ தும்மினால் அந்த இடத்தில் ஒரு எலுமிச்சம்பழம் எட்டிப் பார்க்கும், போகப் போகத் தேங்காய் மூடி அளவு ஆயிற்று. கடைசி வரைக்கும் புடவைக் கிழிசலைக் கட்டிக்கொண்டே களத்துக்கும் காட்டுக்கும் நடந்தாய். யாராவது ஐயோ பாவம் என்றால் உனக்குப் பிடிக்காது. "அது பாட்டுக்கு இருக்கு, ஒனக்கென்ன?" என்பாய். அத்தை படுக்கையில் விழுந்த வருடம் அவளுக்குப் பாயிலேயே துணி விரித்துவிடலாம் என்று எல்லோரும் சொன்னோம். நீ ஒப்பவில்லை. வயிற்றைக் கட்டிக்கொண்டு, பொழுது சாய்ந்ததும் ஒரு பக்கம் நீயும் ஒரு பக்கம் நானுமாக அவளைத் தூக்கிப்போய்க் கொல்லையில் உட்கார வைத்தோம். அப்போது அவள் உன் முகத்தைப் பார்க்க மாட்டாள். உன் கையை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்வாள்.

அந்தச் சாவியை நீ எனக்குக் கொடுத்தபோது பத்தாயமே விற்றுப் போயிருந்தது. "ஓட்டக் கைன்னு பாத்துக் குடுக்காம இருந்தேன். இப்ப ஒண்ணுமில்ல, வச்சுக்க" என்று சிரித்தாய். நீ போனது முந்திரிப்பழம் விழுகிற காலம். உன்னைக் குளிப்பாட்டும்போது அந்தத் தழும்பை நான்தான் துடைத்தேன், வேறு யாரையும் தொட விடவில்லை.

நேற்றைக்கு வருகிறேன். குழாய் எடுத்து மத்தியானம் ஆயிற்று. எனக்கு வரவில்லை. நான் பகல் வெளிச்சத்துக்குப் பழகி எத்தனையோ வருடமாகிவிட்டது, இது வெட்கம் இல்லை. வெட்டித் தைத்த உடம்பு சுணங்குகிறது, அவ்வளவுதான். மருமகள் கடைக்குப் போய் டயப்பர் வாங்கி வந்துவிட்டாள். "அத்தை, இதக் கட்டிக்கிட்டுப் படுங்க. எந்திரிக்க வேணாம்" என்றாள். "என்னை எழுப்பி விடு" என்றேன். "டாக்டர் வரட்டும் அத்தை" என்றாள். நான் காலைக் கீழே போட்டுவிட்டேன். வேறு வழியில்லாமல் வந்து பிடித்துக்கொண்டாள். வாக்கரைத் தள்ளிக்கொண்டு பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்தச் சொன்னேன்.

உட்கார்ந்தேன். ஒன்றுமில்லை. வெளியே இருந்து, "வந்துச்சா அத்தை?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, "வந்துச்சா?" எனக்குள் உட்கார்ந்திருந்த அந்தச் சொல் எழுந்து நின்றது. மறுபடியும், மறுபடியும். பிடிக்கக் கை இல்லை. வயிற்றை நானே அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"ஸ்ஸ்ஸ்ஸ்..." என்றேன் எனக்கு நானே.

நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியாதா? நான் என்ன கைக்கொழந்தையா என்பாய். சிரிப்பு வந்துவிட்டது. தையல் சுரீரென்றது. "ஐயோ, ஐயோ" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு தனியாகச் சிரித்தேன், அக்கா, வாய்விட்டுச் சிரித்தேன். "அத்தை! என்னாச்சு? யாருகிட்டப் பேசுறீங்க?" என்று மருமகள் கதவைத் தட்டினாள். நான் பதில் சொல்கிற நிலையில் இல்லை. வந்துகொண்டிருந்தது.

சாயங்காலம் சின்ன டாக்டரம்மா வந்தாள். கூடவே இரண்டு பையன்கள், படிக்கிற பிள்ளைகளாம். அறைக் கதவு திறந்தே கிடந்தது. வராந்தாவில் என் மகனும் சம்பந்தியும் அவர்களோடு யார் யாரோ ஆம்பளைகளும் நின்றிருந்தார்கள். "யூரின் போச்சா பாட்டி?" என்று அவள் மெதுவாகத்தான் கேட்டாள். மருமகள் எனக்குப் பதிலாகச் சொல்ல வாயெடுத்தாள். நான் அவள் கையை அமர்த்தினேன். கண்ணை மூடவில்லை, முந்தானையையும் தேடவில்லை. அரியலூரில் டாக்டரைப் பார்த்து நீ பேசினாயே, அதே குரலை எடுத்து, வராந்தா முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்:

"ஒண்ணுக்குப் போயிட்டேன். பட்டப்பகல்ல போயிட்டேன்."